பன்றிக்குட்டியின் குடலுக்கும் வயது உண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு சீன முதலாளியின் பண்ணையில், குட்டி ஈனும் கொட்டகையை 18 ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் லயத்துக்குப் பின்புறம் அப்பா இரண்டு மூன்று பன்றிகள் வளர்த்தார். இப்போது தீவனக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மூட்டை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "தாயிடம் இருந்தவரை கொழுகொழுவென்று இருந்த குட்டி, தாயைப் பிரித்த நாலாம் நாள் ஏன் கழிகிறது?"

இதற்கான விடை குட்டியின் குடலில் சுரக்கும் நொதிகளில் இருக்கிறது. அந்த நொதிகள் வயதுக்கு வயது மாறுகின்றன. ஒன்று குறையும்போது இன்னொன்று ஏறுகிறது. இது தெரிந்தால் பல குட்டிகளைக் காப்பாற்றலாம் என்பதால், கடைக்கு வருகிறவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் சொல்லும் வாரக்கணக்கு பண்ணைகளில் வளரும் வெள்ளைக் கலப்பினங்களுக்கு உரியது. ஒவ்வொரு குட்டியும் சில நாள் முன்பின்னாக இருக்கும்.

நொதி என்று எதைச் சொல்கிறீர்கள்?

தின்ற பொருளைக் குடல் உறிஞ்சும் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டும் புரதத்தைத்தான் நொதி என்கிறோம். ஒவ்வொரு நொதியும் ஒரே வகைப் பொருளைத்தான் வெட்டும். பால் சர்க்கரையை வெட்டுவது லாக்டேஸ். மாவுப்பொருளை வெட்டுவது அமைலேஸ். அமைலேஸ் வெட்டிப்போட்ட துண்டை மேலும் உடைப்பது மால்டேஸ். வெள்ளைச் சீனிக்கு சுக்ரேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு வயிற்றில் பெப்சினும் குடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின் என்பனவும் இருக்கின்றன.

இவை பிறக்கும் இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெப்சின் இரைப்பையின் சுவரில் சுரக்கிறது. அமைலேஸ், லைபேஸ், டிரிப்சின் ஆகியவற்றைக் கணையம் சுரந்து சிறுகுடலின் தொடக்கத்தில் ஊற்றுகிறது. எச்சிலிலும் சிறிதளவு அமைலேஸ் உண்டு. லாக்டேஸ், மால்டேஸ், சுக்ரேஸ் மூன்றும் குடலின் உட்சுவரில், குடலுறிஞ்சிகள் என்ற நுண்ணிய விரல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு சொல்லப்போவதற்கு இந்தக் கடைசிச் செய்தி மிக முக்கியம். விரல் தேய்ந்தால் அதன் மேல் இருக்கும் நொதியும் போய்விடும்.

பிறந்த குட்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது?

தாய்ப்பாலுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது. அதற்கு மேல் ஏறக்குறைய எதுவும் இல்லை.

தாய்ப் பன்றியின் பாலில் ஐந்தில் ஒரு பங்கு திடப்பொருள். கொழுப்பு சுமார் 7 விழுக்காடு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சுமார் 5 விழுக்காடு, புரதமும் ஏறத்தாழ அதே அளவு. பசும்பாலைவிட இது நன்றாகக் கொழுத்த பால். இதற்கு ஏற்றாற்போலவே குட்டியின் குடல் அமைந்திருக்கிறது. பிறக்கும்போதே லாக்டேஸ் உச்சத்தில் நிற்கிறது. கொழுப்பைச் செரிக்கும் ஆற்றலும் போதிய அளவு இருக்கிறது. பாலில் உள்ள கொழுப்பு மிகச் சிறிய உருண்டைகளாக ஏற்கெனவே கலந்து கிடப்பதால், குட்டி அதில் 100க்கு 95 பங்குக்கு மேல் செரித்துவிடுகிறது. இரைப்பையில் பெப்சின் மிகக் குறைவு. அதற்குப் பதிலாகக் கைமோசின் என்ற நொதி பாலைத் திரளவைக்கிறது. தயிர்போலத் திரண்ட பால் மெதுவாகக் குடலுக்கு இறங்குவதால் சிறிய வயிற்றுக்கு வேலை சுலபமாகிறது.

அமைலேஸ் சொற்பம். மால்டேஸும் சொற்பம். சுக்ரேஸ் முதல் வாரத்தில் தேடினாலும் கிடைக்காத அளவு. சுமார் 1.4 கிலோவில் பிறந்து ஒரே வாரத்தில் எடையை இரட்டிப்பாக்கும் உயிர் இது. அதைச் சாதிப்பது பாலும், பாலுக்கென்றே அமைந்த நொதிகளும்தான்.

சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தை வயிறு செரித்துவிடாதா?

நல்ல கேள்வி. கேட்டவர் ஒரு பெண்மணி. ஆறு குட்டிகளை வைத்துக்கொண்டு அவர் இரவெல்லாம் விழித்திருந்தார்.

பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போவதில்லை. எனவே குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. சீம்பால்தான் அதற்கு முதல் கவசம். அந்தப் புரதம் துண்டாகாமல் முழுதாக இரத்தத்தில் சேர வேண்டும். அதற்கு மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. பெப்சின் இன்னும் வரவில்லை. டிரிப்சின் குறைவாகவே சுரக்கிறது. சுரக்கும் அந்தக் கொஞ்சத்தையும் அடக்கிவைக்கும் பொருள் சீம்பாலிலேயே இருக்கிறது. குடற்சுவரும் முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை பெரிய புரதத்தை அப்படியே உள்ளே விடுகிறது. அதன் பிறகு கதவு அடைபட்டுவிடும்.

நொதி இல்லாததைக் குறை என்று நினைக்கிறோம். இங்கே அந்த இல்லாமைதான் குட்டியின் உயிரைக் காக்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் கொட்டகையில் வெகுநேரம் சும்மா நின்றிருந்தேன். அதற்குப் பிறகு, பலவீனமான குட்டியை முதல் ஆறு மணி நேரத்துக்குள் முலையில் சேர்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

தாய் செத்துவிட்டது. டின் பால் கரைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. கடைகளில் தேநீருக்கு ஊற்றும் கெட்டிப் பாலைச் சொல்கிறீர்கள் என்றால், கண்டிப்பாகக் கூடாது.

அந்த டின்னில் பாதிக்கு நெருக்கமாக இருப்பது வெள்ளைச் சீனி. முதல் வாரக் குட்டியிடம் சுக்ரேஸ் இல்லை. செரிக்காத சீனி குடலில் நின்று, உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடும். குட்டி ஒரே நாளில் வற்றிவிடும். எங்கள் பழைய தோட்டத்தில் ஓர் அக்கா, தாயற்ற ஐந்து குட்டிகளுக்கு அன்போடு கெட்டிப் பாலை வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊட்டினார். மூன்றாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் அழுததை மறக்க முடியவில்லை. அவர் மீது பிழை சொல்ல யாருக்கு மனம் வரும்? தம் பிள்ளைகளை வளர்த்ததும் அதே டின்னில்தான்.

இன்னொரு தாய் அதே நாட்களில் ஈன்றிருந்தால் அதனிடம் சேர்ப்பதுதான் முதல் வழி. இல்லையென்றால் பன்றிக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு. அதுவும் கிடைக்காத இரவில், சீனி சேர்க்காத பால், உடல் சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. தாயிடம் இருந்தால் குட்டி ஒரு நாளைக்கு 20 தடவைக்கு மேல் குடிக்கும். மூன்று வேளை புட்டி அதற்கு ஈடாகாது. அரிசிக் கஞ்சியும் இந்த வயதில் உதவாது. அதை வெட்ட அமைலேஸ் வேண்டும்.

லாக்டேஸ் எப்போது குறையத் தொடங்குகிறது?

முதல் வாரத்துக்குப் பிறகே இறங்கத் தொடங்குகிறது. மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் சரிவு தெளிவாகத் தெரியும். எட்டு வாரமாகும்போது தொடக்கத்தில் இருந்ததில் சிறு பகுதிதான் மிஞ்சும். பாலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தாலும் இந்த இறக்கம் நிற்பதில்லை. அது பிறவியிலேயே எழுதப்பட்ட கால அட்டவணை. நம்மில் பலருக்கும் இப்படித்தான். சிறுவயதில் பால் குடித்து வளர்ந்தவருக்கு நாற்பதில் ஒரு தம்ளர் பால் வயிற்றைக் கலக்குகிறது என்றால், காரணம் இதே லாக்டேஸ்.

ஆனால் "குறைந்துவிட்டது" என்பதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வாரக் குட்டிக்குப் பால் சர்க்கரையைச் செரிக்க இன்னமும் தாராளமாகவே லாக்டேஸ் உண்டு. அதனால்தான் பால் மறந்த முதல் வாரத் தீவனத்தில், பால் திரிந்தபின் நிற்கும் தெளிநீரைக் காயவைத்த பொடியைச் சேர்க்கிறார்கள். குட்டிக்குத் தெரிந்த சர்க்கரை அது.

அப்படியென்றால் மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிகள் எப்போது வரும்?

மால்டேஸ் முதல் வாரத்திலிருந்தே மெல்ல ஏறுகிறது. சுக்ரேஸ் இரண்டாம் வாரத்திலிருந்து தலைகாட்டும். கணையத்தின் அமைலேஸும் பால்குடிக் காலம் முழுவதும் படிப்படியாகக் கூடுகிறது. ஆனால் உண்மையான பாய்ச்சல், குட்டி கெட்டியான தீவனத்தைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. மாவுப்பொருள் உள்ளே போகப் போக, "எனக்கு வேலை வந்திருக்கிறது" என்று கணையம் விழித்துக்கொள்கிறது. ஆக, இரண்டு கைகள் சேர்ந்து இழுக்கும் கயிறு இது. ஒரு கை வயது, மற்றொன்று தீனி. வயது வராமல் தீனியை மட்டும் திணித்தால் குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான்.

இதனால்தான் பத்தாவது நாளிலிருந்தே ஒரு கைப்பிடி குட்டித் தீவனத்தை மூலையில் தூவச் சொல்கிறேன். அந்த வயதில் அது வயிற்றை நிரப்பாது. பல குட்டிகள் மண்ணைப்போல முகர்ந்து விட்டுவிடும். இருந்தாலும் சுவை தெரிந்த குட்டி, தாயைப் பிரித்த நாளில் தொட்டியைத் தேடிப் போகும். காலையில் போட்டதை மாலையில் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் தீவனம் ஒரே நாளில் புளித்து நாறும்.

பால் மறந்த நாலைந்து நாளில் ஏன் கழிச்சல் வருகிறது?

இதுதான் எல்லோரும் கேட்பது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாயைப் பிரிக்கும் நாளில் குட்டிக்கு ஒரே சமயத்தில் எத்தனை இடி விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தாய் இல்லை. இடம் புதிது. வேறு கும்பலின் குட்டிகள் கடிக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாய் உறுமிக் கூப்பிட்டுக் கொடுத்த சூடான பால் நின்றுபோய், தொட்டியில் உலர்ந்த மாவு கிடக்கிறது. பல குட்டிகள் முதல் நாள் முழுவதும் அதில் வாய் வைப்பதில்லை. சில இரண்டு நாள்கூடப் பட்டினி கிடக்கும்.

இந்தப் பட்டினிதான் குடலைக் கெடுக்கிறது. குடலின் உட்சுவர் தனக்கு வேண்டிய உணவில் பெரும்பங்கைத் தன் மேல் ஓடும் தீனியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தீனி நின்றால் குடலுறிஞ்சிகள் சுருங்குகின்றன. பிரித்த 24 மணி நேரத்துக்குள் அவற்றின் உயரம் கால் பங்கு குறைந்துவிடுவது உண்டு. ஐந்தாம் நாள் வாக்கில் பாதிக்கு வந்து நிற்பதும் உண்டு. விரலின் நுனியில்தான் முதிர்ந்த செல்கள் இருக்கின்றன. லாக்டேஸும் சுக்ரேஸும் அங்கேதான். நுனி தேய்ந்ததும் இரண்டும் சேர்ந்து விழுகின்றன. புதிய செல் அடியிலிருந்து ஏறி வந்து முதிர நாளாகும்.

அதே வாரத்தில் கணையமும் தளர்கிறது. டிரிப்சின், அமைலேஸ், லைபேஸ் ஆகியவை பிரிப்பதற்கு முந்தைய அளவிலிருந்து இறங்கி, ஒரு வாரம் பள்ளத்தில் கிடந்து, இரண்டாம் வாரத்தில் ஏறிப் பழைய அளவைத் தாண்டிப் போகின்றன. லைபேஸ் மட்டும் இன்னும் தாமதிக்கும்.

மூன்றாவது, இரைப்பையின் அமிலம். பால் குடிக்கும்போது, பால் சர்க்கரையை நல்ல நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக்குவதால் வயிறு புளிப்பாக இருந்தது. குட்டி தானாகச் சுரக்கும் அமிலம் இன்னும் போதவில்லை. பால் நின்றதும் புளிப்பு தணிகிறது. வளர்ந்த பன்றியின் இரைப்பையில் அமிலக் குறியீடு 2 முதல் 3 வரை இருக்கும். பால் மறந்த குட்டியிடம் அது 5 வரை ஏறுவதுண்டு. குறியீடு ஏற ஏறப் புளிப்பு குறைகிறது என்று பொருள். பெப்சின் வேலை செய்ய நல்ல புளிப்பு வேண்டும். புளிப்பு இல்லையென்றால் புரதம் அரைகுறையாக வெட்டுப்பட்டு இறங்கும். கெட்ட கிருமிகளைத் தடுத்த வாசற்கதவும் திறந்துவிடும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முதல் நாள் பட்டினி கிடந்த குட்டி, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பசி தாங்காமல் தொட்டியில் விழுந்து வயிறு முட்டத் தின்கிறது. வெட்ட நொதி இல்லை, உறிஞ்ச விரல் இல்லை, காக்க அமிலம் இல்லை. செரிக்காத மாவும் புரதமும் கீழே இறங்கி, ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு விருந்தாகின்றன. அந்தக் கிருமியின் சில வகைகள் குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். நாலாம் நாள் வால் ஈரமாகிறது.

"கிருமி வந்தது, அதனால் கழிந்தது" என்று சொல்லி மருந்துப் புட்டியைத் தேடுகிறோம். கிருமி எப்போதும் கொட்டகையில் இருந்தது. குட்டி பட்டினி கிடந்ததுதான் புதிது.

ஆகவே முதல் மூன்று நாள் உங்கள் உழைப்பு முழுவதும் ஒன்றிலேயே இருக்கட்டும்: ஒவ்வொரு குட்டியும் கொஞ்சமாவது தின்ன வேண்டும். தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கூழாக்கி, தட்டையான தட்டில், நாளுக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். பால் குடித்த வாய்க்குக் கூழ் பழகிவிடும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மூக்கைத் தொட்டுக் காட்டுங்கள். இரவில் மழை பெய்து காற்று அடித்தால் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அப்போது விளக்கைப் போட்டுவிடுங்கள். இந்த வயதுக்கு 28 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். குளிரில் நடுங்கும் குட்டி தொட்டிக்கு வராது.

எத்தனை நாளில் தாயைப் பிரிக்கலாம்?

பெரிய பண்ணைகளில் 21 முதல் 28 நாளில் பிரிக்கிறார்கள். காட்டில் விட்டால் மூன்று நான்கு மாதம்வரை குட்டி மெல்ல மெல்லப் பாலை மறக்கும். பத்துப் பதினைந்து பன்றி வைத்திருப்பவருக்கு என் ஆலோசனை 28 நாள், முடிந்தால் 35. தாயின் அடுத்த சினை ஒரு வாரம் தள்ளிப்போகும் என்பது உண்மைதான். அந்த ஒரு வாரத்தில் குட்டியின் அமைலேஸ், மால்டேஸ், வயிற்றின் அமிலம் எல்லாமே ஒரு படி ஏறியிருக்கும். இரண்டு குட்டி பிழைத்தாலே அந்த நட்டம் அடைபட்டுவிடும். 21 நாளில் 4 கிலோகூட இல்லாத குட்டியைப் பெரியவற்றோடு பிரிப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

தீவனத்தில் செம்பனை எண்ணெய் சேர்த்தால் சீக்கிரம் எடை ஏறுமா?

வளர்ந்த பன்றிக்கு ஏறும். பால் மறந்த முதல் இரண்டு வாரக் குட்டிக்கு ஏறாது. தாய்ப்பாலின் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்துதான் வருகிறது, அதை அழகாகச் செரித்த குட்டிதானே என்று கேட்பீர்கள். பால் கொழுப்பு நுண்ணிய உருண்டை, எண்ணெய் அப்படியல்ல. லைபேஸ் பள்ளத்தில் கிடக்கும் வாரமும் அதுவே. சிறு குட்டிக்கு எண்ணெய் தேவைப்பட்டால் தேங்காய் எண்ணெய் செம்பனை எண்ணெயைவிட எளிதில் செரிக்கும், ஏனெனில் அதன் கொழுப்பு அமிலங்கள் குட்டையானவை. அதுவும் சிறிதளவே.

பச்சைச் சோயாவை அரைத்துப் போடலாமா?

போடாதீர்கள். பச்சைச் சோயாவில் டிரிப்சினைக் கட்டிப்போடும் பொருள் இருக்கிறது. சரியான சூட்டில் வறுத்தோ வேகவைத்தோதான் அதை அழிக்க முடியும். டிரிப்சினே குறைவாக இருக்கும் குட்டிக்கு அதையும் கட்டிப்போட்டால் புரதம் அப்படியே வெளியே போகும். வாங்கும் சோயாப் பிண்ணாக்கு சூட்டில் பதப்படுத்தியதுதான் என்றாலும், பால் மறந்த உடனே அதிகமாகப் போட வேண்டாம். சோயாப் புரதங்களில் சில குட்டியின் குடலில் ஒவ்வாமை உண்டாக்கி விரல்களை மேலும் தேய்க்கும். சில வாரத்தில் பழகிவிடும். அதுவரை புரதத்தில் ஒரு பங்கு மீன்தூள், பால்பொடி போன்றவற்றிலிருந்து வரட்டும். சுண்ணாம்புத் தூளையும் குட்டித் தீவனத்தில் அள்ளிப் போடாதீர்கள். இருக்கும் கொஞ்ச அமிலத்தையும் அது குடித்துவிடும்.

வளர்ந்த பன்றி எதைத் தின்றாலும் செரிக்குமா? செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு இங்கே மலிவாயிற்றே.

மூன்று மாதமாகும்போது அமைலேஸ், டிரிப்சின், மால்டேஸ் எல்லாம் முழு வேகத்தில் ஓடுகின்றன. சிறுகுடல் நீண்டு, முழு வளர்ச்சியில் 18 மீட்டர் அளவுக்கு வருகிறது. சோளமும் தவிடும் மரவள்ளிக்கிழங்கும் அப்போது சுகமாகச் செரிக்கின்றன. ஆனால் நார்ப்பொருளை வெட்டும் நொதி எந்த வயதிலும் பன்றிக்குச் சொந்தமாக இல்லை. அந்த வேலையைச் செய்வது பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். குட்டியிடம் பெருங்குடல் சிறியது, குடியிருப்பவர்களும் குறைவு. வயதாக ஆக அது பெரிதாகி, தாய்ப் பன்றியிடம் நல்ல புளிக்கும் பானையாகவே மாறிவிடுகிறது.

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் நார் அதிகம். மன்னான் என்ற கடினமான சர்க்கரைச் சங்கிலி அதில் நிறைய இருக்கிறது. ஓட்டுத்துண்டுகள் வேறு குத்தும். சலித்து, சினைப் பன்றிக்கும் விற்பனைக்கு நெருங்கிய பன்றிக்கும் அளவாகக் கலக்கலாம். குட்டிக்கு ஒரு பிடிகூட வேண்டாம். காவல் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட பன்றியைத் திருவிழாவுக்குள் கொழுக்கவைக்க வேண்டும் என்று அதையே முழுத் தீனியாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு பெருத்தது, முதுகு பெருக்கவில்லை.

கடையில் விற்கும் நொதிப் பொடிகளால் பயன் உண்டா?

ஒன்றுக்கு நிச்சயம் உண்டு: பைட்டேஸ். தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. பன்றியிடம் சாவி இல்லை. பைட்டேஸ் அந்தப் பூட்டைத் திறப்பதால் எலும்புக்குப் பாஸ்பரஸ் கிடைக்கிறது, சாணத்தோடு ஆற்றில் போய்ச் சேர்வதும் குறைகிறது. 1990களிலிருந்து உலகெங்கும் தீவன ஆலைகள் இதைச் சேர்க்கின்றன. நீங்கள் வாங்கும் மூட்டையில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், சீட்டைப் படித்துப் பாருங்கள்.

மன்னானை வெட்டும் நொதி, செம்பனைப் பிண்ணாக்கு கலக்கிறவருக்குப் பொருளுள்ளது. சோளமும் சோயாவும் மட்டும் கலக்கிறவர் அதை வாங்குவது வீண். அமைலேஸும் புரத நொதியும் கலந்த பொடிகள் பால் மறந்த குட்டிக்குச் சில பண்ணைகளில் உதவுகின்றன, சிலவற்றில் வேறுபாடே தெரிவதில்லை. நான் விற்கிறவன்தான், இருந்தாலும் சொல்கிறேன்: அந்தப் பணத்தில் முதலில் நல்ல குட்டித் தீவனம் வாங்குங்கள்.

மருந்தைத் தீவனத்திலேயே கலந்துவிட்டால் கழிச்சல் வராதே?

அந்தப் பழக்கம்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்தது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக இருக்கும் கொலிஸ்டினைக்கூட உலகெங்கும் பன்றித் தீவனத்தில் கொட்டினார்கள். அதிக அளவு துத்தநாக ஆக்சைடைக் கழிச்சலுக்கு மருந்தாகக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்திவிட்டது. குட்டி நோயுற்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் நாள்வரை கொடுங்கள். வரும் முன் தடுக்கத் தீனியையும் சூட்டையும் சுத்தத்தையும் பாருங்கள்.

உணவுக் கடை மிச்சத்தைக் கொடுக்கலாமா?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவிலும், அதே ஆண்டின் கடைசியில் தீபகற்பத்திலும் நுழைந்ததை மறக்க வேண்டாம். பன்றி இறைச்சித் துண்டு கலந்த மிச்ச உணவின் வழியாக அந்த நச்சுயிரி பரவும், அதற்கு மருந்து கிடையாது. நான் கொடுப்பதில்லை. குட்டிக்கோ எண்ணெயும் உப்பும் சீனியும் சேர்ந்த அந்தக் கலவை செரிக்கவும் செரிக்காது.

பாடப் புத்தகத்தில் லாக்டேஸ் விழுகிறது என்று கோடு கீழே இறங்குகிறது. மொத்தமாகப் பார்த்தால் அவ்வளவு விழவில்லை என்று இன்னொரு இடத்தில் படித்தேன். எது சரி?

கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது. இரண்டும் சரி. ஒரு கிராம் குடற்சுவரில் எவ்வளவு நொதி என்று அளந்தால் வருவது ஒரு கணக்கு. குடல் முழுவதிலும் எவ்வளவு என்று அளந்தால் வருவது வேறொரு கணக்கு. குடல் வளர்ந்துகொண்டே போவதால், கிராமுக்குப் பாதியாகக் குறைந்தாலும் மொத்தம் அப்படியே நிற்கலாம். கணையத்துக்கும் இதே கதைதான். டிரிப்சின் கிராமுக்குக் கொஞ்சம் ஏறினாலும், கணையமே பெரிதாகும்போது மொத்தம் பல மடங்காகிவிடும். குட்டியின் எடைக்கு எவ்வளவு என்று மூன்றாவதாக அளப்பவர்களும் உண்டு. எனவே எந்தக் கோட்டைப் பார்த்தாலும், அது எதற்கு எதை வகுத்த கணக்கு என்று முதலில் பாருங்கள் அம்மா.

குடலின் எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். லாக்டேஸ் சிறுகுடலின் முற்பகுதியில்தான் அதிகம், கடைப்பகுதிக்குப் போகப் போகக் குறைந்துவிடும்.

நொதியை அளக்கக் கருவி இல்லாதவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

சாணத்தைப் பாருங்கள். மஞ்சளாக, நுரையாக, புளித்த வாடையோடு இருந்தால் மாவோ சர்க்கரையோ செரிக்காமல் இறங்குகிறது. வெளிறிப் பளபளவென்று பசைபோல ஒட்டினால் கொழுப்பு மிஞ்சுகிறது. அழுகிய வாடை தூக்கலாக இருந்தால் புரதம் அதிகம். இது சோதனைச்சாலை முடிவாகாது, ஆனால் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கிடைக்கும் முதல் தகவல்.

பிறகு வயிற்றைப் பாருங்கள். தாயைப் பிரித்த அன்று மாலை, ஒவ்வொரு குட்டியையும் தூக்கி விலாவுக்குப் பின்னால் விரலால் மெல்ல அழுத்துங்கள். நிறைந்த வயிறு மெத்தென்று எதிர்க்கும், காலி வயிறு உள்ளே போகும். காலியாக இருக்கும் குட்டியின் முதுகில் சாயக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கூழ்த் தட்டோடு திரும்பி வந்து, கோடு போட்டவற்றை மட்டும் தட்டருகே இழுத்து, கூழை விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். மறுநாள் காலையில் எத்தனை கோடு மிச்சம் என்று எண்ணுங்கள்.